தொடக்கூடாத தண்ணீர்

எங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே மதிப்பான பொருள் எது என்று கேட்டால் பிள்ளைகள் நுண்ணோக்கியைக் காட்டுவார்கள். அது கெட்டுப்போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் செனோபியா அம்மாவிடம், எங்கள் ஊர் மரியாதையில் டோனா செனோபியாவிடம், கேட்டால் கதவோரம் நிற்கும் நீல டிரம்மைக் காட்டுவார். இருநூறு லிட்டர் தண்ணீர். குடிப்பதற்கு இல்லை, தரை துடைப்பதற்கு இல்லை, சோதனைக் குழாய் கழுவக்கூட இல்லை. யார் மேலாவது ஏதாவது தெறித்தால் கழுவுவதற்கு. வருடக்கணக்காக யார் மேலும் எதுவும் தெறித்ததில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீரை வாரம் ஒருமுறை செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவார்.

கோச்சபம்பா நகரத்தின் தெற்கு மேட்டில் குழாய் கிடையாது. லாரி வந்தால் தண்ணீர், வராவிட்டால் இல்லை. குளிப்பதையே நாள் பார்த்துக் குளிக்கிற ஊரில் ஒரு டிரம் நிறையத் தண்ணீரைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தால் என்ன சொல்வார்கள்? கிறுக்கு என்றார்கள். கஞ்சம் என்றார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வாளி கேட்டு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். மேடு முழுக்க அந்தக் கதை தெரியும். நானும் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தவள்தான். என் பெயர் மிர்த்தா, கணக்கு டீச்சர்.

செனோபியா கோல்கே இந்தப் பள்ளிக்குப் பெருக்குவதற்காக வந்தவர். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள யாரும் வரவில்லை, சாவி அவர் இடுப்பில் இருந்தது, அப்படியே அது அவர் பொறுப்பாகிவிட்டது. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் ஒவ்வொரு பாட்டிலின் சீட்டையும் எழுத்துக்கூட்டிப் படித்து, எதை எதோடு சேர்க்கக்கூடாது, எதை எந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். வேதியியல் ஆசிரியர் அதெமார்கூடச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பார்.

பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் வாசலில் அவரைத் தாண்ட வேண்டும். செருப்பு போட்டவன் வெளியே. சட்டைக் கையை மடக்காதவன் வெளியே. பெண்களின் நீளப் பின்னலைத் தூக்கி, தன் பையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்து உச்சியில் கட்டிவிடுவார். அவருடைய இடது கண் முழுக்க வெள்ளை. அந்தக் கண்ணை வைத்துப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ பெயர் வைத்திருந்தார்கள். அவரும் விடமாட்டார்.

"ஒத்தக் கண்ணு வச்சிருக்கற எனக்கே தெரியுது, ரெண்டு கண்ணு வச்சிருக்கற உனக்கு உன் ஷூ லேஸ் அவுந்து கெடக்கறது தெரியலையா?" என்பார்.

ஒருநாள் மதியம் சேர்ந்து சாப்பிட்டபோது, தோலுரித்து வேகவைத்த சோளத்தை நான் அவர் பக்கம் நகர்த்தினேன். தட்டைத் திருப்பித் தள்ளினார். ஏன் என்று கேட்டேன். சாதாரணமாகச் சொன்னார். ஒன்பது வயதில், சோளத்துக்குத் தோல் உரிய வேண்டும் என்று சுண்ணாம்பு போட்டுக் கொதிக்கவைத்த பானையைக் கிளறிக்கொண்டிருந்தாராம். கண்ணில் தெறித்தது. வீட்டில் ஒரு குடம் தண்ணீர்தான் இருந்தது. அதையும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான், தூரத்திலிருந்து நடந்து வந்த ஒரு விருந்தாளி கைகால் கழுவட்டும் என்று அம்மா கொடுத்திருந்தாள். ஓடைக்குப் போய்வர அரைமணி நேரம். அம்மா பாவாடை நுனியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க உள்ளே தேய்ந்தது.

"எங்கம்மா யாருக்கும் இல்லன்னு சொல்ல மாட்டா" என்று முடித்தார். நான் சோளத் தட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் கார்னிவல் திருவிழாவுக்கு முந்தைய வாரம் சாலை மறியல். லாரி வந்து ஆறு நாளாகியிருந்தது. வியாழக்கிழமை பெண்களின் நாள். எங்கள் ஊரில் அன்றைக்குத் தண்ணீர் நிரப்பிய பலூனை ஒருவர் மேல் ஒருவர் வீசாவிட்டால் நாளே விடிந்ததாகக் கணக்கில்லை. பள்ளித் தொட்டியோ காய்ந்து கிடந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கடைசி வருடம் டீச்சர், அடுத்த வருசம் நாங்க இங்க இருக்க மாட்டோம் டீச்சர் என்று ஒரே கெஞ்சல்.

செனோபியா அன்று காலை கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தார். முப்பது பிள்ளைக்கு நான்கே பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. இன்னும் பத்துக் கண்ணாடியாவது கொடுங்கள் என்று நான்காவது முறையாக மனுக் கொடுக்கப் போனார். வழக்கம்போல் டிரம்முக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்து, மூடியைப் போட்டு, ஆய்வகத்தைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பிள்ளைகள் கெஞ்சினால் எனக்கு முதுகெலும்பே இருக்காது. பாதி எடுத்துக்கோங்க, லாரி வந்ததும் நிரப்பிடணும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். கூடப் போய் நின்று பார்க்கவும் இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளிடம் பாதி என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு கணக்கு டீச்சருக்குத் தெரியாமல் போனது.

பதினோரு மணிக்குச் செனோபியா வேர்க்க விறுவிறுக்க நடந்தே திரும்பிவிட்டார். சாவியைக் கொடுத்தேன். சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. திட்டுவாரே என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். அவரும் காலையில்தானே பார்த்தோம் என்று மூடியைத் திறக்கவில்லை. முற்றத்துப் பலூன்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே நிரப்பிக் கொண்டுவந்ததாக நினைத்திருப்பார். சாவி என்னிடம் இருந்ததாயிற்றே.

அதெமார் பழைய எண்ணெயில் சோப்பு செய்து காட்ட ஏற்பாடு செய்திருந்தார். காஸ்டிக் சோடாக் கரைசல். நான்கு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். நெய்டா என்ற பெண், தன் முறை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் தோழியிடம் நீட்டினாள். அந்த ஒரு நொடியில் பக்கத்துப் பையன் கரண்டியை வேகமாகச் சுழற்றினான்.

அலறல் எனக்கு முற்றத்தில் கேட்டது. நான் உள்ளே ஓடியபோது செனோபியா அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் ஒரு கையால் பிடித்து, தேய்க்க விடாமல், டிரம்முக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்தார். அடியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை.

அவர் முகத்தை அப்போது நான் பார்த்தேன். கோபமே இல்லை. அந்த ஒற்றைக் கண்ணில் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் பயம் மட்டும்தான் இருந்தது.

டிரம்மைச் சாய்த்து இருந்ததை ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார். அதெமார் பதறிப்போய் வினிகர் பாட்டிலோடு வந்தார். செனோபியா அதைத் தட்டிவிட்டார். "தண்ணி. தண்ணி மட்டும்தான். இருபது நிமிசம் நிக்காம ஊத்தணும். டீச்சர், மணியப் பாருங்க" என்றார். இருந்த தண்ணீர் மூன்று நிமிடத்துக்குத் தாங்கியது.

முற்றத்தில் பலூன்கள் இருந்தன. நான் கத்தினேன். வீச ஓங்கிய கைகளோடு பிள்ளைகள் அப்படியே உள்ளே ஓடிவந்தார்கள். செனோபியா ஒவ்வொரு பலூனாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குறும்புக்காகப் பாதிப் பலூன்களில் சாயம் கலந்திருந்தார்கள். சாயம் இருந்ததை எறிந்தார். இல்லாததன் நுனியைப் பல்லால் கடித்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து வெளியே வழியும்படி பீச்சினார். ஒரு பலூன் ஐந்தாறு நொடிகூட வரவில்லை. ஏழாவது நிமிடத்தில் பலூனும் தீர்ந்தது.

நான் தெருவுக்கு ஓடினேன். முதல் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காலையில் பிள்ளைகள் அடித்த பலூனில் நான் நனைந்திருந்தேன், கன்னத்தில் ஊதாச் சாயம்.

"ஆறு நாளா லாரி இல்ல, கொழந்தைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணி இல்ல. இந்தம்மாவுக்கு வெளையாடத் தண்ணி வேணுமாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

இரண்டாவது வீட்டில் சிரித்தார்கள். ஒரு பிள்ளையின் கண் போகப்போகிறது என்றேன். போன வருசமும் இப்படித்தான் சொல்லி ஏமாத்தினீங்க என்றார் ஒரு பெரியவர். மூன்றாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. என்னால் அழவும் முடியவில்லை, மூச்சு வாங்கியது. கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நாம் கொடுத்த சாவி, நாம் மறைத்த பேச்சு, நாம் போட்டுக்கொண்ட சாயம் என்று எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. நடுத்தெருவில் நின்று, வேறு எதுவும் தோன்றாமல் கத்தினேன்.

"டோனா செனோபியா தண்ணி கேக்குறாங்க."

முதல் வீட்டுக் கதவு திறந்தது.

"யாரு? அந்த டிரம்மு செனோபியாவா கேக்குறா?" என்றாள் அந்தப் பெண். தண்ணீரில் விளையாடாத, யாருக்கும் ஒரு வாளி தராத, யாரிடமும் ஒரு வாளி கேட்காத மனுஷி அந்த மேட்டிலேயே ஒருத்திதான். அவள் கேட்கிறாள் என்றால் அது விளையாட்டில்லை. அந்தப் பெண் மேலே ஒன்றும் கேட்காமல் கஞ்சிக்கு வைத்திருந்த பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரி வாளியோடு வந்தாள். சிரித்த பெரியவர் ஒரு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தார்.

நான் திரும்பியபோது செனோபியா கடைசி பலூனின் ஈரத்தை அந்த இமைக்குள் பிழிந்துகொண்டிருந்தார். விரலை மட்டும் இமையிலிருந்து எடுக்கவில்லை. முதல் பானை வந்ததும் ஊற்ற ஆரம்பித்தார். இருபது நிமிடம் ஆன பிறகும் நிறுத்தவில்லை. மறியல் கற்களைத் தாண்டி நாலு பேர் நெய்டாவைக் கதவுப் பலகையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடக்க, செனோபியா கெட்டிலால் ஊற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தார். மறியல்காரர்கள் டயரை நகர்த்தி வழிவிட்டு, தங்கள் குடிநீர்ப் பாட்டில்களையும் கொடுத்தார்கள்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். கண் பிழைத்தது, கொஞ்சம் மங்கலாகத் தெரியும், முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் படிக்கலாம் என்றார். நடுவில் தண்ணீர் நின்ற நேரம்தான் அந்த மங்கல் என்றும் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை.

வராந்தா பெஞ்சில் செனோபியா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பாவாடை முட்டி வரை நனைந்திருந்தது. நான்தான் சாவியைக் கொடுத்தேன் என்று சொன்னேன். பாதி எடுக்கச் சொன்னேன், திரும்பி வந்தபோது சொல்லத் தைரியம் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் நனைந்த பாவாடை நுனியைப் பிழிந்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எங்கம்மாவும் நல்லவதான், டீச்சர்."

எழுந்து, நெய்டா படுத்திருந்த அறைக்குள் போய்விட்டார். சாவி அவர் இடுப்பில் இருந்தது.