காற்றாலையடி ஆவாரை

வீட்டு மாடியில் ஆவாரை வளர்த்தால் என்ன என்ற யோசனை, குருவிகுளம் பக்கத்துக் காட்டில் ஒரு காற்றாலையின் அடியில்தான் தோன்றியது. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூப் பறிக்கப் போயிருந்தேன். மழை பொய்த்துக் காய்ந்த நிலத்தில், காவல்காரரின் ஷெட்டைச் சுற்றி மட்டும் மஞ்சளாகப் பூத்திருந்தது.

ஒல்லியான மனிதர். காய்ந்த ஆவாரை நெற்று ஒன்றைக் காதருகே கிலுக்கிக்கொண்டே பேசினார்.

“எவ்வளவு தண்ணி ஊத்துவீய, அண்ணாச்சி?”

“தண்ணியா? வேரு அழுகிரும் வே. முளைச்ச பொறவு அது பாட்டுக்குக் கெடக்கும்.”

“அப்போ எங்க மாடியிலயே வளத்துருவேன். இனி இம்புட்டுத் தூரம் அலைய வேண்டாம்லா!”

கிலுக்கல் நின்றது.

“நான் இதப் போட்டதே, பூவுக்கு நாலு பேரு வருவாகன்னுதான். மத்த நாள்ல இங்கன காத்தாடிச் சத்தம் மட்டுந்தான்.”

 அப்படிச் சொன்னவரே அந்த நெற்றை உடைத்து, விதைகளை என் கையில் கொட்டினார்.

“முளைக்காட்டா வந்து சொல்லும்,” என்றவர், வெறும் கூட்டை உதறிவிட்டு, “முளைச்சாலும் வாரும்,” என்றார்.

எப்படி மனம் வந்து கொடுத்தார் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நாளை தொட்டியில் விதைக்கப் போகிறேன். மாடியெல்லாம் பூத்தாலும், அடுத்த பொங்கலுக்குப் பூப் பறிக்க அங்கேதான் போக வேண்டும்.