மிளகாய் மண்டியும் வெள்ளை மருந்தும்

சுண்ணாம்புக் கட்டியைக் கரைத்தது போல நாக்கில் மாவாகப் படிந்து, கடைசியில் மட்டும் பெப்பர்மின்ட் மிட்டாயின் குளிர்ச்சியை விட்டுப் போகும் அந்த மருந்து. அப்பா குடித்துவிட்டு வைக்கும் மூடியில் ஒட்டியிருப்பதை நானும் தம்பியும் முறை வைத்து நக்குவோம். எங்கள் வீட்டில் அதற்கு "வெள்ளை மருந்து" என்றுதான் பெயர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் திருச்சி மார்க்கெட்டில் வற்றல் மிளகாய் மண்டி. துறையூரிலிருந்தும் வையம்பட்டியிலிருந்தும் விவசாயிகள் கொண்டுவரும் மூட்டையில் கைவிட்டு, ஒரு வற்றலை எடுத்து நுனியைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு அதன் காரம் என்ன, ஈரம் என்ன என்று சொல்லிவிடுவார். வாங்க வருகிற வியாபாரிகள் அவர் நாக்கை நம்பித்தான் மூட்டையைத் தூக்கினார்கள். அந்த நாக்குக்கு நேர் கீழே வயிறு எரிய ஆரம்பித்தது. சோடா உப்பைக் கரைத்துக் குடித்துப் பார்த்தார். சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவின் நச்சரிப்புக்காக டாக்டரிடம் போனார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இரைப்பை முடிந்து குடல் தொடங்குகிற இடத்தில் புண் என்று தெரிந்தது.

"இந்த மருந்து வயித்துல சுரக்கற அமிலத்தை அடக்கும், புண்ணு மேல ஒரு பூச்சு மாதிரி படியும். ஆனா நீங்க காரம், காபி, வெத்தலைபாக்கு எல்லாத்தையும் விடணும்" என்றார் டாக்டர். அப்பாவின் காதில் விழுந்தது பூச்சு என்ற சொல் மட்டும்தான்.

அவருக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் மனசு ஏங்கும் என்று, அம்மா வீட்டிலிருந்தே மிளகாயை விலக்கிவிட்டாள். குழைந்த சாதம், பாசிப்பருப்பு, மோர், பால் என்று எல்லோருக்கும் ஒரே "பத்தியம்". மிளகாய் மண்டிக்காரர் பிள்ளைகளான நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஊறுகாய்க்குக் கையேந்தினோம். அப்பா மட்டும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் சாப்பிட்டு எழுந்தார். அவ்வளவு சமர்த்து எங்கிருந்து வந்தது என்று அம்மாவே ஆச்சரியப்பட்டாள்.

மாசி பிறந்து மார்க்கெட்டில் வரத்து அதிகமாகியிருந்த சமயம், ஒரு காலைப் பொழுதில் அப்பா மூட்டைகளுக்கு நடுவே காபித்தூளைக் கரைத்தது போன்ற நிறத்தில் வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டார். சரக்கு கொண்டுவந்திருந்த வையம்பட்டி விவசாயி ஒருவர்தான் அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எங்களுக்கும் ஆள் அனுப்பினார். பஸ் காவேரிப் பாலத்தைத் தாண்டும் வரை அம்மா என் கையை விடவில்லை. 

புண் கசிந்து நிறைய ரத்தம் போயிருந்ததால் அப்பாவுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே அந்த விவசாயி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கடையிலயும் ஒரு பாட்டில் வச்சிருக்காருங்க. ஒரு வாய் குடிப்பாரு, மிளகாயைக் கடிப்பாரு. கேட்டா, பூச்சு போட்டாச்சு, இனி காரம் உள்ள எறங்காதுன்னு சிரிப்பாருங்க."

அம்மா அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் காதில் விழும்படி டாக்டரிடம்தான் கேட்டாள்: "இதைக் குடிச்சுட்டு மிளகாய் கடிக்கலாமாங்க?"

"புண்ணு ஆறத்தான்மா மருந்து. தினம் கிளறிக்கிட்டே இருந்தா எந்த மருந்து என்ன பண்ணும்?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்: "நான் ருசி பாக்கலேன்னா மண்டி போச்சு. வேற கடைக்குப் போயிடுவாங்க."

"ஏங்க, எனக்கு நாக்கு இல்லையா?" என்றாள் அம்மா.

சொன்னபடியே மறுநாள் மார்க்கெட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறிவிட்டாள். மார்க்கெட்டில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் பெண்கள் உண்டு. கல்லாவில் உட்கார்ந்து சரக்குக்குத் தரம் சொன்னவர்கள் இல்லை. முதலில் அவள் நல்ல உலர்ந்த சரக்கு என்று சொன்ன மூட்டைகளில் பாதி அடியில் ஈரமாக இருந்து திரும்பி வந்தன. உதடு வீங்கி, கண் சிவந்து வீடு திரும்பினாள். அப்பா கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டிலை நீட்டி, "ஒரு வாய் குடிச்சுக்கோயேன்" என்றார்.

"பூச்சு போட்டுக்கிட்டு மிளகாய் திங்க நான் என்ன நீங்களா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அப்பா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். மறுநாள் மூட்டையின் அடி வரை கைவிட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

மழைக்காலம் வருவதற்குள் புண் ஆறிவிட்டது. அப்பா மண்டிக்குத் திரும்பினார். பழைய பழக்கத்தில் அந்த வையம்பட்டிக்காரர் ஒரு வற்றலை அவரிடம் நீட்டியபோது, அப்பா கணக்கு எழுதும் மேஜைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, கல்லாவில் இருந்த அம்மாவைக் காட்டி, "அவங்ககிட்டக் குடுங்க" என்றார். அதற்குப் பிறகு கடைசி வரை அப்படித்தான் நடந்தது.

போன வருஷம் என் மகனுக்கு அதே இடத்தில் புண் வந்தது. வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, இது ஒரு கிருமியின் வேலை என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், ஆறிப்போயிற்று. வீடே சேர்ந்து இருக்கும் பத்தியமும் இல்லை, பெப்பர்மின்ட் வாசனையும் இல்லை. மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தாத்தாவைப் படுக்கையில் தள்ளிய நோய் பேரனுக்கு ஒரு ஜுரம் போல வந்து போனதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அது அந்தக் காலத்தில் அப்படி வந்திருக்காவிட்டால், அம்மா ஒருநாளும் மார்க்கெட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறியிருக்க மாட்டாள்.