வளையல் போட்ட வாழைத்தண்டு

வாழைத்தண்டைப் பார்த்தால் எனக்குச் சமையல் ஞாபகம் வராது, ஸ்டோரில் எங்களை வேலை வாங்கிய மண்டோர் ஞாபகம்தான் வரும். தங்காக் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஸ்டோர்க் கொட்டகையில், உறைந்த ரப்பர்ப் பாலைத் தட்டையான சீட்டாக நசுக்கும் உருளைகள் இருந்தன. ஒருத்தி சக்கரத்தைச் சுற்றுவாள், எதிரே நிற்பவள் உருளைகளுக்கு நடுவே பாலைத் தள்ளுவாள். சுற்றுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தள்ளுவதில் என் நாத்தனார் கெட்டிக்காரி. அப்போது ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி வருசம் திரும்பவில்லை. கை நிறைய வெள்ளி வளையல்.

அதுதான் வம்பு. பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தியின் வளையல் பாலில் சிக்கி, கையையும் உள்ளே இழுத்து, நாலு விரல் போய்விட்டது. மண்டோர் எங்கள் வயசுக்காரர்தான். சுவரில் ஒரு பலகை மாட்டி, காலையில் நாங்கள் வந்ததும் படிப்பார். எங்களுக்கு எழுத்தும் தெரியாது, அவர் படித்த தமிழும் புரியாது. கடைசி வரி மட்டும் புரியும்: வளையலைக் கழற்றிவிட்டு வேலை செய்யவும்.

"மண்டோரய்யா, என் வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் காட்டுல பாலுக்கு மரம் வெட்டிக்கிட்டு இருக்காரு. நான் எதுக்கு வெறுங்கையோட நிக்கணும்?" என்றேன்.

"அண்ணனை வந்து காட்டிட்டுப் போகச் சொல்லவா?" என்றாள் நாத்தனார். எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் பலகை இல்லை. கைப் பருமனில் வாழைத்தண்டுகள் கொண்டுவந்தார். ஒன்றின் நுனியை ஐந்தாகக் கீறி, பித்தளை வளையல் மாட்டியிருந்தார்.

"தண்டுக்கு வளைகாப்பா மண்டோரய்யா?"

"ஆமா. நீ சுத்து. உன் நாத்தனார் தண்டைப் பிடிக்கட்டும். நான் சொன்னதும் நிறுத்து."

சுற்றினேன். வளையல் பாலில் புதைந்தது. "நிறுத்து!" என்றார். உடம்பைப் போட்டு அழுத்தினேன். சக்கரம் அது பாட்டுக்கு இன்னும் அரைச் சுற்றுப் போய்த்தான் நின்றது. அந்தப் பக்கம் ஐந்து விரலும் நாராய்த் தொங்கின.

பிறகு என்னைப் பிடிக்கச் சொன்னார். தண்டு உள்ளங்கையை உரசிக்கொண்டு பிடுங்கியதே, அந்த இழுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. பலகையில் எழுதினால் வருமா அது? ஒவ்வொருத்தியும் சுற்றினோம், ஒவ்வொருத்தியும் பிடித்தோம். யாரும் சிரிக்கவில்லை.

"கழட்டச் சொல்ல மாட்டேன். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் சேலைத் தலைப்பைக் கிழித்து, வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, மேலே இறுக்கிக் கட்டினேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. மண்டோர் அதே மாதிரி ஒரு தண்டுக்குக் கட்டி உருளை ஓரம் பிடித்தார். முடிச்சின் வால் மாட்டி, தண்டு உள்ளே போனது.

"உன் கை போச்சு" என்றார்.

அடுத்த தண்டுக்கு வாலை உள்ளே செருகிக் கட்டினேன். அந்தத் தண்டு தப்பியது. அன்றிலிருந்து ஒருத்தி போட்ட கட்டை இன்னொருத்தி இழுத்துப் பார்த்துத்தான் வேலை தொடங்குவோம். நான் இருந்தவரைக்கும் எங்கள் ஸ்டோரில் ஒரு விரல் போகவில்லை. அந்தக் கட்டு நான் போட்டது.

போன மாதம் ஜொகூர் பாருவில் மகன் வீட்டுக்குக் கரண்டில் ஓடும் மாவரைக்கும் கல் வந்தது. மருமகள், கல் ஓட ஓட, வளையல் கையை விட்டு மாவைத் தள்ளுகிறாள். சொன்னால், "எனக்குத் தெரியும் அத்தை" என்கிறாள்.

பசாருக்குப் போய் ஒரு வாழைத்தண்டு வாங்கி வந்தேன்.

"பொரியலுக்கா அத்தை?"

"இல்லம்மா. உன் வளையல்ல ஒண்ணைக் கழட்டிக் குடு."