மகளின் அஞ்சல் பெட்டிக்குப் போட்ட பூட்டு

யாருக்குப் பயந்து அந்தக் கதவை மூடினேன்?

மகள் பிறந்ததும் அவள் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கினோம். வாடகைக்கு எடுத்த சிறிய சர்வரில் கணவர் அமைத்துக் கொடுத்தார். பெரியவளானதும் படிக்கட்டும் என்று அந்த முகவரிக்குக் கடிதங்கள் எழுதி, போட்டோக்களும் சேர்த்து அனுப்பி வந்தேன். பல் முளைத்ததை எழுதினேன். சோறு ஊட்டும்போது பொறுமையிழந்து கத்தியதையும், நான் நல்ல அம்மாதானா என்ற சந்தேகத்தையும் எழுதினேன். வேறு யாரிடமும் சொல்லாதவை அவை.

ஒரு மதியம் அவளைத் தூங்க வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். முந்தின நாள் அனுப்பிய, நான் திறக்காத கடிதம் தடித்த எழுத்தில் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். யாரோ அதைத் திறந்து படித்திருந்தார்கள். நாவலூர் ஆபீசில் இருந்த கணவருக்கு போன் செய்தேன். தான் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

நானே தேடிப் படித்தேன். என் போன் 143 என்ற போர்ட் வழியாக அஞ்சலை எடுத்துக்கொண்டிருந்தது. போர்ட் என்பது சர்வரில் எண் போட்ட ஒரு வாசல், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் அமைத்திருந்த விதத்தில், அந்த வாசலில் பாஸ்வேர்டும் கடிதமும் போஸ்ட் கார்டு போலத் திறந்தபடியே போய் வந்தன. குழந்தை டாக்டரின் கிளினிக்கில் இலவச வைஃபையில் எத்தனை முறை பெட்டியைத் திறந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். 993 என்ற வாசலிலோ முதல் வார்த்தையிலிருந்தே எல்லாம் மறையாக்கம் ஆகிவிடும். நடுவில் எட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

மாலையில் இருவருமாக உட்கார்ந்து என் போனை 993-க்கு மாற்றினோம். சர்வரில் 143-ஐ மூடினோம். பாஸ்வேர்டையும் மாற்றினோம். சர்வரின் அடையாளச் சான்றிதழ் எங்கள் முகவரிக்கு உரியதுதானா என்று நான் மறுபடி மறுபடி பார்த்தேன்.

"பூட்டை இழுத்து இழுத்துப் பாத்தே உடைச்சிடுவ போல" என்று கணவர் சிரித்தார்.

சனிக்கிழமை, அப்பா வழக்கம்போலத் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சில மாதங்களாக, முட்டிக்கு நடை நல்லது என்று காரணம் சொல்லி வருவார். பேத்திக்குச் சோறூட்டி, ஏரிப் பக்கம் கூட்டிப் போய்விடுவார். நான் கொஞ்சம் தூங்குவேன்.

அன்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "என்னம்மா, பாப்பாவுக்கு எழுதற லெட்டர் ஒண்ணும் போன்ல வரல. நிறுத்திட்டியா?"

கணவர் தலையைச் சொறிந்தார். பேத்தியின் போட்டோக்களைப் பார்க்கட்டும் என்று எப்போதோ அப்பாவின் போனில் அந்தப் பெட்டியைச் சேர்த்துக் கொடுத்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"எல்லாத்தையும் படிச்சீங்களாப்பா?"

"எனக்கும் சேர்த்துதான் அனுப்பறன்னு நினைச்சேன்" என்றார் அப்பா. "நல்லாத்தான் எழுதற. சந்திப்பிழைதான் ஜாஸ்தி."

அவர் பேத்தியை ஏரிக்குக் கூட்டிப் போன பிறகு, சோறு ஊட்டும்போது கத்தியதை எழுதிய கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் அப்பாவின் முட்டிக்கு முதன்முதலாக நடை தேவைப்பட்டிருந்தது.

143 மூடியே இருக்கிறது. அதில் எனக்குத் தயக்கமில்லை. அப்பாவும் வந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் போனில் 993-ஐயும் புதிய பாஸ்வேர்டையும் போட்டுக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. கொடுத்தால், அவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதுவேன். கடிதங்கள் முன்போல் உண்மையாக இருக்குமா? கொடுக்காவிட்டால், அடுத்த முறை எனக்கு முடியாமல் போகும்போது அவருக்கு எப்படித் தெரியும்? வாயால் சொல்லலாமே என்கிறார் கணவர். எனக்குச் சொல்ல வராது, எழுதத்தான் வரும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள். சந்திப்பிழை இருந்தாலும் பரவாயில்லை.