வாட வேண்டிய பார்லி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பார்லி வளர்த்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. கஞ்சிக்குப் போடுகிற அதே பார்லிதான். நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே நாற்பது ரக விதைகளைப் பங்கிட்டுக்கொண்டன. மற்ற மூன்று நாட்டாரும் குளிரில் வளர்ப்பார்கள். இந்தியக் கூடத்தின் ஆளான நான் வெயிலில், தண்ணீரை நிறுத்தி வாடவிட வேண்டும். தாங்கி நிற்கும் ரகத்தின் மரபணுவை எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். சாகடிக்கிற வேலை நமக்கு!

பொன்னேரியில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். வியாழன்தோறும் நாலு மணிக்கு வீடியோ கூட்டம். அளவுகளை அனுப்பிவிட்டேன் என்பேன், நன்றி என்பார்கள், மைக்கை அணைத்துவிடுவேன். வாரத்தில் நான் பேசுகிற பேச்சே அவ்வளவுதான்.

பிப்ரவரியில், பயிர் வளர்ந்த வலைக்கூடத்தில் கதவோரத் தொட்டிகளில் இருந்த ஒரு ரகம் மட்டும் பச்சையாக நின்றது. படம் அனுப்பினேன். அந்த வியாழன் எல்லோரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேமராவைப் போடச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் என்னையே பேசச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வலைக்கூடத்தைப் பெருக்கும் அம்மாவிடம் அந்தத் தொட்டிகளைப் பெருமையாகக் காட்டினேன். ஆரம்பாக்கத்துக்காரர். பிறர் வயலில் நாற்று நட்டே பாதி வயது போனவர், இப்போது காண்ட்ராக்ட் வேலை.

"நான்தான் சார் ஞாயித்துக்கெழம வந்து ரெண்டு கொடம் ஊத்துனேன். கதிரு வர்ற நேரத்துல வாடிக்கினு கெடக்குது. பாத்துக்கினு எப்டி போறது?" என்றார்.

கத்திவிட்டேன். கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேனே, கண் தெரியாதா என்றேன். ஒட்டியிருந்தது இங்கிலீஷில் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். வெட்கக்கேடுதான். ஆனால் மூன்று நாட்டு ஆட்களும், இல்லாத மரபணுவைத் தேடி வருஷக்கணக்கில் அலைவார்கள். வியாழனன்று கேமராவைப் போட்டு, தண்ணீர் விட்டது நான்தான், கவனப்பிசகு என்றேன். அந்த அம்மாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. தெரிந்தால் காண்ட்ராக்டர் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கிவிடுவார். கூட்டத்தில் மரியாதையாக நன்றி சொல்லி, இந்த வருஷம் என் அளவுகளைச் சேர்க்கப் போவதில்லை என்றார்கள்.

அடுத்த வியாழன் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. தெரிந்தும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. துடைப்பத்தோடு உள்ளே வந்த அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"பயிரு பொழச்சிக்கிச்சில்ல சார்? அப்புறம் இன்னா?"

அந்த வாரம் முழுக்க என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.