விளக்கெண்ணெய் போட்ட சைக்கிள்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த எழுபதுகளில், அவற்றில் ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்து, புதுவாயலில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். கல்யாணம் ஆகவில்லை. திருவள்ளூரில் எங்கள் வீடு கோயில் கைங்கரியம் செய்கிற வீடு. அம்மா போன பிறகு அது அண்ணன் வீடாகிவிட்டது. போனால் மன்னி இலை போட்டு, விருந்தாளிக்குப் பரிமாறுகிற மாதிரி பரிமாறுவாள். குறை என்று வாய்விட்டுச் சொல்ல ஒன்றும் கிடையாது. போவதை நானே குறைத்துக்கொண்டேன்.

அறைக்கும் ஆலைக்கும் சைக்கிளில்தான் போய்வருவேன். லாரிகள் கிளப்புகிற புழுதியெல்லாம் சக்கரத்துக்குள்தான் போய்ச் சேரும். மற்றவர்கள் கிரீஸ் அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நான் விளக்கெண்ணெய்தான் விடுவேன். கிரீஸில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதென்று அம்மா எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, அது பட்ட வண்டி நம் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். இப்போது அம்மாவும் இல்லை, அந்த வாசலும் எனக்கு இல்லை. இருந்தாலும் அந்த ஒரே ஒரு ஆசாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டலில் வெங்காய சாம்பாரை வழித்து வழித்துச் சாப்பிடுகிறவனுக்குச் சைக்கிளில் மட்டும் என்ன மடி, படிப்பது ராமாயணம் இடிப்பது பெருமாள் கோயிலா என்று ஆலையில் கேலி செய்தார்கள். செய்யட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

விளக்கெண்ணெய் நாலு நாளைக்கு வழவழவென்று இருக்கும். அப்புறம் புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பெடலை மிதித்தால் மாவாட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டுரோட்டு சைக்கிள் கடைக்குப் போய்விடுவேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கத்து மனிதர், பேச்சில் மெட்ராஸ் தமிழும் தெலுங்கும் கலந்திருக்கும். கடைக்குப் பின்னாலேயே குடித்தனம். என்னை "அய்யரே" என்றுதான் கூப்பிடுவார். நாமம் போடுகிற குடும்பத்துக்காரனை அய்யர் என்று கூப்பிட்டால் எங்கள் தெருவில் சண்டைக்கே வந்துவிடுவார்கள். எனக்கோ யாராவது கூப்பிட்டால் போதும் என்று இருந்தது.

அவர் சக்கரத்து அச்சைக் கழற்றி, பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் போடுவார். நான் பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்துக் கொடுப்பேன். கை வேலை செய்ய, வாய் தன் பாட்டுக்கு மழை, அரிசி விலை, அவர் மாமனாரின் வீம்பு என்று எதையாவது பேசிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து டீ வரும். ஆலையில் போல்ட்டு, நட்டு தவிர என்னிடம் யாருக்கும் பேச்சு இல்லை. அறையில் பேச ஆளே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். வாரம் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஒரு காலைக்காகத்தான்.

நல்ல கிரீஸாகப் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது. நான் அம்மாவின் வாக்கைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். போய்ச் சேர்ந்த பிறகும் பிள்ளையைக் காப்பாற்றுகிறாளே என்று மனசுக்குள் அவளைக் கும்பிட்டுக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கையில் ஒரு சின்ன டின்னோடு காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. லாரி மெக்கானிக்குகளிடம் விசாரித்து, பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் நாலு கடை ஏறி இறங்கி எனக்காகவே வாங்கி வந்தாராம்.

"இது விளக்கெண்ணெய்லயே செஞ்ச கிரீஸ் அய்யரே. மாடும் இல்ல, ஆடும் இல்ல. இனிமே ஒரு வருசத்துக்கு நீ இந்தப் பக்கமே வர வேணாம்."

எனக்கு நல்லது செய்யத்தான் அலைந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ரொம்ப உபகாரம் என்று சொல்லி, அவர் விரலால் வழித்து வழித்து அடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சைக்கிள் வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள்தான் நகரவில்லை. துவைத்த வேட்டியையே மறுபடி துவைத்தேன். ஒரு நாள் கை நிறைய மணலை அள்ளிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அடைத்த கிரீஸில் மண்ணைப் போட மனசு வரவில்லை. மணலை வெளியே கொட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அடைமழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிறு, ஒன்றுமே ஆகாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸ் கெட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பார்த்துக்கொண்டிருந்த பஞ்சரை அப்படியே போட்டுவிட்டு என் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே கிரீஸ் போட்டது போட்டபடி இருந்தது.

"நல்லாத்தானே கீது. இன்னா பேஜாரு உனக்கு?"

பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அது வாய்க்கு வரவில்லை. "ஒண்ணும் இல்லை. சும்மாதான் வந்தேன்" என்றேன்.

கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"சும்மா வர்றதுக்கு சைக்கிள் இன்னாத்துக்கு அய்யரே? நடந்தே வர்றதுதானே" என்று சொல்லிவிட்டு, சக்கரத்தைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார்.

என் அறையிலிருந்து அந்தக் கடை கூப்பிடு தூரம்தான். மழைக்காலம் பூராவும் அந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதரைப் பார்க்கப் போவதற்குக் காரணம் எதுவும் வேண்டாம் என்பது ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. தனியாகவே இருந்து இருந்து, அது எனக்கு மறந்தே போயிருந்தது.