அத்தானின் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும்

எங்கள் அத்தான் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், அன்னாரைப் பற்றி எழுதும் பொறுப்பை அக்கா என்னிடம் ஒப்படைத்தார். "அழுது வடியாமல் எழுது. அவர் வெண்ட மனுசன், தோத்த மனுசன் இல்லை" என்பது அக்காவின் கட்டளை. ஆகையால் இதில் ஒப்பாரியைத் தேட வேண்டாம் என்று உறவினர்களை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அத்தான் பல்கேரிய நாட்டில், டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். நம் சித்தப்பாமாரில் சிலர் இன்றைக்கும் அவரை 'ரஷ்யாக்காரர்' என்றே சொல்லி வருகிறார்கள். இந்த நினைவு மலரோடாவது அது தீரட்டும். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். கம்பளி நூல் ஆலையில் வேலை செய்த தாயார்தான் அவரை வளர்த்து ஆளாக்கினார். பதினெட்டு வயதில் உள்ளூர்க் கால்பந்துக் கழகத்தில் நடுக்கள வீரராகச் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே தலைநகரில் ஆடும் அளவுக்கு உயர்ந்தார். கோல் அடித்தவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். அவர் காலடிக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அத்தான். அதில் அவருக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை.

முப்பது வயதைத் தாண்டிய பின், வளைகுடாவில் அல் ஐன் நகரிலுள்ள ஒரு சிறு கழகத்துக்கு ஆட வந்தார். இரண்டாவது பருவத்தில் வலது முழங்கால் கைவிட்டது. அங்கே மருத்துவமனையில் அவருக்குப் பயிற்சிச் சிகிச்சை கொடுத்தவர் எங்கள் அக்கா. முழங்கால் சரிவரவில்லை, கல்யாணம் சரிவந்தது. அதே நாட்டில், அல் கூஸில் டயர் கிடங்கொன்றில் வேலை பார்த்த நான் லீவு எடுத்துப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் அம்மா இரண்டு வருடம் அக்காவோடு பேசவில்லை. என்னோடு பேசினார், திட்டுவதற்கு.

ஆட முடியாத அத்தானைக் கழகம் துணைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. ஒரு வருடம் பெப்ரவரி மாதக் கடைசியில் பெரிய பயிற்சியாளர் திடீரென்று விலகிப் போனார். கழகச் செயலாளர் ஒரு வயதான அரபியர். அத்தானைக் கூப்பிட்டு, "ஆறு மேட்ச் இருக்கிறது. மேல் பிரிவுக்குப் போனால் நீதான் மேனேஜர். போகாவிட்டால் கலாஸ்" என்றார். கலாஸ் என்றால் வேலை போகும், விசா போகும், குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும். அப்போது மூத்த மகள் பிறந்து இரண்டு மாதம் ஆகவில்லை. ஆறில் ஐந்தையாவது வென்றே ஆக வேண்டிய நிலை.

பிள்ளைப்பேறு பார்க்க அம்மா வந்திருந்தார். மகளுக்காகவும் பேத்திக்காகவும் வந்தாரே ஒழிய, அத்தானை 'அந்த ஆள்' என்றுதான் குறிப்பிடுவார். சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார்.

பல்கேரியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மார்ச் முதலாம் திகதி சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைக் கையில் கட்டிக்கொள்வார்கள். முதன்முதலாகப் பூத்த மரத்தைக் கண்டதும் கழற்றி, அந்த மரத்திலேயே கட்டிவிடுவார்கள். வசந்தம் வருகிறது, உடம்பு நலமாக இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அத்தானின் தாயார் ஆண்டுதோறும் தன் கையால் முறுக்கிய நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்புவார். அந்த மார்ச் முதலாம் திகதி அத்தான் விடியற்காலையில் குளித்து, ஜன்னலருகே நின்று, அதைக் கட்டிக்கொண்டார். அடுக்களையிலிருந்து அம்மா பார்த்துவிட்டார்.

"எடியே, உந்தப் பிள்ளை அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கு. நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?" என்று அக்காவைக் கேட்டார். 'அந்த ஆள்' அன்றைக்குப் பிள்ளை ஆனார். அக்கா கெட்டிக்காரி, வாயைத் திறக்கவில்லை. என்னையும் டெலிபோனில் எச்சரித்தார்: "நீ உண்மையச் சொன்னியோ, பார்!"

காப்புக் கட்டிய வீட்டில் மீன், இறைச்சி ஆகாதல்லவா? அன்றே அம்மா குளிர்பெட்டியிலிருந்த மீனையெல்லாம் பக்கத்து வீட்டு மலையாளிக்குக் கொடுத்துவிட்டார். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, புட்டு என்று தொடங்கியது. மூன்று வேளையும் இறைச்சி தின்று வளர்ந்த அத்தான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வாரம் முதல் ஆட்டத்தில் வென்றார்கள். பந்து விளையாடுபவர்கள் வென்ற நாளில் போட்ட காலுறையைக்கூட மாற்றமாட்டார்கள். அத்தான் சாப்பாட்டை மாற்றுவாரா? அடுத்த ஆட்டத்துக்கு அணி முழுவதற்கும் புட்டு வேண்டுமென்று அக்கா மூலமாகக் கேட்டார். அம்மா கையால் மா குழைத்து, இருபது பேருக்கு அவித்தார். செயலாளர் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "லஹம் மாஃபி?" என்றார். இறைச்சி இல்லையா என்று கேட்கிறார். இல்லைத்தான். வாழைப்பழத்தோடு புட்டுத் தின்ற சூடானியரும் மொரோக்கரும் இரண்டாவது ஆட்டத்தையும் வென்றார்கள்.

அத்தான் கம்பளி நூல் வாங்கி முறுக்கி, எல்லா ஆட்டக்காரர் கையிலும் கட்டிவிட்டார். கடைசி ஆட்டம் வரை அதைக் கழற்றக்கூடாது என்பது அவர் முடிவு. ஆனால் அல் ஐன் தெருவெல்லாம் மரம், பங்குனியில் பூக்காத மரமேது? வியாழக்கிழமை டியூட்டி முடிந்து நான் வந்தால், வெள்ளிக்கிழமை அவரை மைதானத்துக்கு ஓட்டிப் போவது என் வேலை. வேர்க்‌ஷாப்புகள் நிறைந்த புழுதி ரோட்டால் சுற்றிப் போவேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மச்சான், பூ?" என்பார். "மாஃபி பூ, அத்தான்" என்பேன். உண்மையில் இரண்டு பக்கமும் பூத்துக் கிடக்கும்.

மூன்றாவதையும் வென்று, நான்காவது ஆட்டத்தில் தோற்றார்கள். ஐந்தாவதை வென்றார்கள். கடைசி ஆட்டத்தையும் வென்றால்தான் உண்டு. அன்று அம்மாவும் மைதானத்துக்கு வந்தார், வாழ்க்கையில் முதன்முறையாக. ஆட்டக்காரர் கையிலுள்ள நூல்களைக் கழற்றும்படி நடுவர் சொன்னார். அத்தான் பிளாஸ்டர் கொண்டுவந்து ஒவ்வொருவர் நூலையும் தானே மூடி ஒட்டினார். எழுபது நிமிடமாகியும் கோல் இல்லை. அப்போது அத்தான் முன்கள ஆட்டக்காரர் ஒருவரை வெளியே எடுத்து, ஒரு நடுக்கள ஆட்டக்காரரை உள்ளே விட்டார். கோல் வேண்டிய நேரத்தில் கோல் அடிப்பவனை எடுப்பதா? செயலாளர் "மஜ்னூன்! பைத்தியம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தான் நடுக்களத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்தில் பந்து எங்கள் கால்களை விட்டு அகலாமல் ஆனது. முடிய மூன்று நிமிடம் இருக்கையில், உள்ளே போனவர் நடுவிலிருந்து நீட்டிக் கொடுத்த பந்து கோலானது. நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. செயலாளராகத்தான் இருக்க வேண்டும், அத்தர் மணத்தது.

வெளியே வந்ததும் அத்தான் கண்ணை அகலத் திறந்து, வாசலில் பூத்து நின்ற வேப்பமரத்தைப் பார்த்தார். நூலைக் கழற்றிக் கிளையில் கட்டினார். அணி முழுவதும் வரிசையாக வந்து கட்டியது. அம்மா பதறிப் போனார். "ஐயோ, காப்பைக் கோயிலிலையெல்லோ அவிழ்க்க வேணும்!" அக்கா வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

அம்மா அத்தான் முன்னால் போய் நின்று, முதன்முறையாக நேரே அவரிடம் பேசினார். "அப்ப விரதமில்லையே? பிறகேன் தம்பி இத்தினை நாளும் மரக்கறி சாப்பிட்டனீங்கள்?"

அத்தான் தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டிச் சொன்னார்: "மாமி சமைச்சது. நான் சாப்பிட்டனான்."

அம்மா அழுதார். மறுநாள் வீட்டில் நண்டுக் கறி.

அதன் பிறகு அத்தான் மேல் பிரிவிலும், பின்னர் வேறொரு வளைகுடா நாட்டிலும் அணிகளை நடத்தி வெற்றிக் கோப்பைகள் கொண்டுவந்தார். ஒரு கோப்பையில் அம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார். அத்தானின் தாயார் காலமான பின், ஆண்டுதோறும் நூல் முறுக்குவது அம்மாவின் வேலையாயிற்று.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் அத்தான் இதயம் தளர்ந்து மருத்துவமனையில் இருந்தார். முதலாம் திகதி அம்மா கட்டிய நூல் கையில் இருந்தது. அந்த அறை ஜன்னலில் மதிலைத் தவிர வேறொன்றும் தெரியாது. பத்தாம் நாள் அம்மா எங்கோ தேடி, பூத்த வேப்பங்கொப்பு ஒன்றைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "தம்பி, பூத்திட்டுது." அத்தான் சிரித்தபடி கையை நீட்டினார். அம்மா நூலை அவிழ்த்தார். அடுத்த நாள் அவர் பிரிந்தார்.

அத்தானை இறுதிவரை பராமரித்த மருத்துவர்கள், தாதியர், தோளில் சுமந்த அவருடைய ஆட்டக்காரர்கள், கடல் கடந்து வந்த உறவினர்கள், வர முடியாமல் டெலிபோனில் அழுதவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரின் முதுகில் கட்டியிருக்கும் சிவப்பு வெள்ளை நூல் அம்மா முறுக்கியது. அவிழ்த்துக் கையில் கட்டிக்கொள்ளுங்கள், பூத்த மரம் கண்டதும் அதில் கட்டிவிடுங்கள். மீன் சாப்பிடலாமாம், விரதம் ஒன்றும் இல்லையாம். அம்மா சொல்லச் சொன்னார்.